மினுக்கு மினுக்குனு எரிஞ்ச மஞ்ச வெளக்கும் மூணாவது சிலிண்டரும்

பங்குனி உத்திரத்துக்கு எங்க சாஸ்தா கோயிலுக்குப் போய்க்கிட்டு இருக்கோம். வீரவநல்லூர் தாண்டி ஒரு பஸ்ஸை முந்துவோம்னு மூணாவது கியர்ல ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிச்சேன், வண்டி பாயதுக்குப் பதிலா யாரோ பொறத்தால நின்னு சட்டையைப் புடிச்சு இழுத்த மாதிரி வெட்டி வெட்டி இழுக்கு, சைலன்சர்ல பொக் பொக்குனு சத்தம், அந்தால மீட்டர்ல இஞ்சின் படம் போட்ட மஞ்ச வெளக்கு மினுக்க ஆரம்பிச்சிட்டு. பக்கத்து சீட்டுல அம்மா மடியில பொங்கப்பானையை வச்சிக்கிட்டு, "ஏல, என்னல இது, கிறிஸ்மஸ் ஸ்டார் மாதிரி மினுக்குது"ன்னு கேக்காவ. நான் "ஒண்ணுமில்லம்மா, சென்சார் கோளாறா இருக்கும்"னு சொல்லிட்டு ஓட்டுனேன். அதுதான் நான் செஞ்ச மொத தப்பு.

வண்டி 2017 மாடல், 1200 சிசி பெட்ரோல், இஞ்சினுக்குள்ள பெட்ரோல் எரியுத அறை, அதான் சிலிண்டர், நாலு, 78 ஆயிரம் கிலோமீட்டர் ஓடுனது. கம்பெனி பேரு வேண்டாம், இது எல்லா வண்டிலயும் வரக்கூடிய வியாதிதான். பாளையங்கோட்டைல இருந்து அம்பைக்கு மாசம் ரெண்டு தடவ போயிட்டு வார வண்டி, இதுவரைக்கும் ரோட்டுல படுத்ததே இல்ல.

அந்த வெளக்கு சும்மா நிலையா எரிஞ்சா ஒரு அர்த்தம், மினுக்குனா வேற அர்த்தம். நிலையா எரிஞ்சா "ஏதோ கோளாறு இருக்கு, நேரம் கெடைக்கையில பாரு"ன்னு சொல்லுது, பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியா மூடலைன்னா கூட சில வண்டில எரியும். மினுக்குச்சுன்னா ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் எரியாமலே வெளிய போகுது, அதுவும் கொஞ்சநஞ்சம் இல்ல, சைலன்சர் வழில புகையைச் சுத்தம் பண்ணுத கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுப் பொசுக்குத அளவுக்குப் போகுதுன்னு அர்த்தம். நம்ம மெக்கானிக்குக பாஷைல "மிஸ்ஸிங் அடிக்குது". எரியாத பெட்ரோலும் எரியாத காத்தும் ஒண்ணா சேந்து சைலன்சர் வழியா போகும்போது கன்வர்ட்டருக்கு உள்ள போய்தான் எரியும். அதுக்குள்ள தேன்கூடு மாதிரி பீங்கான், அதுமேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு பூச்சு. இதுவரைக்கும் சிலிண்டருக்குள்ள எரிஞ்சது இப்ப அங்கன எரிஞ்சா பீங்கான் உருகி அடைச்சிக்கிடும், அந்தால வண்டிக்கு இழுவையே இருக்காது. அதை மாத்தணும்னா பத்து கோயில் கொடைக்கு வரி கொடுக்கத துட்டு ஆகும்.

மிஸ்ஸிங்கை இசியு, அதான் இஞ்சினோட கம்ப்யூட்டர், எப்படிக் கண்டுபுடிக்குதுன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி உண்டு, சிலிண்டருக்குள்ள போய்ப் பாக்க அதுக்குக் கண்ணா இருக்கு? பிஸ்டனுக சேந்து சுத்துத தண்டு, அதான் கிராங்க் ஷாஃப்ட்டு, அதுல ஒரு பல்சக்கரம், அதுக்குப் பக்கத்துல ஒரு சென்சார். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் ஒரு துளி வேகமா சுத்தும். 3000 ஆர்பிஎம்ல ஒரு சிலிண்டர் செகண்டுக்கு 25 தடவ வெடிக்கும். அதுல ஒரு வெடி தப்புனா கிராங்க் ஒரு இம்மி மெதுவாகும், எந்த எடத்துல மெதுவாச்சுன்னு பாத்து எந்த சிலிண்டர்னு கண்டுபுடிச்சிரும். சைக்கிள்ல ஒரு பெடல் ஒடஞ்சிருந்தா ஒவ்வொரு சுத்துலயும் ஒரு எடத்துல நொண்டும்லா, அதேதான்.

சரி, கதைக்கு வாரேன். கல்லிடைக்குறிச்சி வரைக்கும் பைய ஓட்டுனேன். ஆக்சிலேட்டரை அமுக்குனா மினுக்குது, விட்டா நிலையா நிக்குது. ரோட்டோரம் ஒரு ஒர்க்‌ஷாப், உத்திரத்தன்னைக்கும் தெறந்து வச்சிருந்தாவ, அதுவே பெரிய விஷயம். அங்க இருந்த பையன் பானட்டைத் தெறந்து பேட்டரி டெர்மினலைக் கழட்டி, அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி மாட்டுனான். வெளக்கு போயிட்டு. "சரியாயிட்டு அண்ணாச்சி, நூறு ரூவா கொடுங்க"ன்னான். கொடுத்தேன். அம்பை பாலம் ஏறும்போது மறுபடி மினுக்குச்சு.

பேட்டரியைக் கழட்டுனா வியாதி போகாது, வியாதிச் சீட்டுதான் கிழிஞ்சு போகும். கோளாறு வந்தா இசியு அதுக்குன்னு ஒரு நம்பர் போடும், அதைத்தான் கோடுன்னு சொல்லுதது; கோடு வரும்போது ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவு, இஞ்சின் சூடு எவ்வளவுன்னு இசியு ஒரு போட்டோ புடிச்ச மாதிரி எழுதி வச்சிருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம்னு சொல்லுவாவ. பையன் அதையும் சேத்து அழிச்சிட்டான். அவன் மேல தப்பு இல்ல, அவன்கிட்ட கோடைப் படிக்குத ஸ்கேனர் இல்ல, எனக்குத்தான் வாயைத் தெறந்து வேண்டாம்னு சொல்லத் தெரியல.

அம்பைல சித்தி வீட்டு முடுக்குல வண்டியைப் போட்டுட்டு கோயிலுக்கு ஆட்டோல போனோம், பொங்க விட்டோம், வந்தோம். சாயங்காலம் வண்டியைச் சுத்தி ஒரு கூட்டமே கூடிட்டு. சித்தப்பா, "இது எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் செய்யுத வேலை, நூத்துக்கு இருபது கலக்கான்லா"ன்னு அடிச்சுச் சொன்னாவ. எதிர்வீட்டு மாமா, "வெள்ளத்துல நின்ன வண்டிலா, அதான்"னாவ. அதுவும் பொய் இல்ல. 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி ஊருக்குள்ள வந்தப்ப வண்டி மீனாட்சிபுரத்துல மாமனார் வீட்டு வாசல்ல டயர் முக்கா வாசி முங்க நின்னுது. ஆனா தண்ணி இஞ்சின் தலை வரைக்கும் ஏறல, அப்புறம் ஒரு வருசத்துக்கு மேல ஒழுங்கா ஓடியிருக்கு. வெள்ளம் வந்து போனதுல இருந்து எங்க ஊர்ல மிக்ஸி ரிப்பேர் ஆனாலும் வெள்ளத்து மேலதான் பழி.

மறுநாள் காலைல மச்சினன் பஸ்ல ஸ்கேனரைக் கொண்டாந்தான். ப்ளூடூத் டைப், இஎல்எம் 327னு சொல்லுவாவ, அறுநூறு ரூவாய்க்கு வாங்குனது. ஸ்டியரிங்குக்கு அடில 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும், அதுல சொருகி போன்ல ஆப்பைத் தெறந்தா பேசும். கோடு பி0303. கடைசி எண்ணுதான் சிலிண்டர் நம்பர், 0301னா ஒண்ணு, 0304னா நாலு. எந்தச் சிலிண்டர்னு புடிபடாம மாத்தி மாத்தி அடிச்சா 0300. நமக்கு மூணு. நம்ம வண்டில டைமிங் செயின் இருக்க பக்கத்துல இருந்து எண்ணணும்.

கோடு வந்தா என்ன மாத்தணும்னு கோடு சொல்லாது, இதுலதான் முக்காவாசிப்பேரு துட்டை விடுதாவ. மூணாவது சிலிண்டர் வெடிக்கலைங்கதுதான் தெரியும். பொறிக்குக் கரண்டு கொடுக்குத காயிலா இருக்கலாம், பொறி அடிக்குத பிளக்கா இருக்கலாம், பெட்ரோலைப் பீச்சுத இன்ஜெக்டர் அடைப்பா இருக்கலாம், வால்வு சரியா மூடாம உள்ள அமுக்குத அழுத்தம், அதான் கம்ப்ரஷன், போயிருக்கலாம், வயரு எலி கடிச்சிருக்கலாம். கண்ணை மூடிக்கிட்டு நாலு காயிலும் நாலு பிளக்கும் மாத்துனா அஞ்சாறு ஆயிரம் போயிரும், அப்பவும் இன்ஜெக்டரா இருந்தா மஞ்ச வெளக்கு நம்மளைப் பாத்துச் சிரிக்கும்.

மல்டிமீட்டரை வச்சு காயிலை அளக்கலாமேன்னு மச்சினன் கேட்டான். பழைய காயில்னா சரி. இதுல காயிலுக்குள்ளயே சின்ன எலக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கு, சும்மா ஓம் வச்சுப் பாத்தா ஒண்ணும் வெளங்காது. அதவிட சுலபமான வழி எடம் மாத்திப் பாக்கது. மூணாவது காயிலைக் கழட்டி ரெண்டாவதுல போடு, ரெண்டாவதை மூணாவதுல போடு, ஓட்டிப்பாரு. கோடு 0302க்கு மாறுனா காயில். 0303லயே நின்னா காயில் இல்ல, அடுத்து பிளக்கை இதே மாதிரி மாத்திப் பாக்கணும். காசு செலவே இல்லாத சோதனை, காயிலைக் கழட்ட ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானர் போதும்.

மூணாவது காயிலை உருவுனேன் பாத்துக்கிடுங்க, அதோட கீழ்ப்பக்கம் நீளமா ரப்பர் பூட் இருக்கும், அது எண்ணெய்ல போட்ட பணியாரம் மாதிரி ஊறி உப்பி வருது. பிளக் குழிக்குள்ள டார்ச் அடிச்சேன், கீழ கருப்பா ஆயில் நிக்குது. மத்த மூணு குழியும் காஞ்சு கெடக்கு, நாலாவதுல மட்டும் சுவருல லேசா ஒரு பளபளப்பு. அந்த எடத்துலயே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல. எடத்தை மாத்தி மாட்டுனேன், பாபநாசம் ரோட்டுல விக்கிரமசிங்கபுரம் வரைக்கும் ஒரு ஓட்டு, மினுக்கு, பி0302. "அத்தான், காயில்தான்!"னு மச்சினன் துள்ளுதான். நானும் துள்ளுனேன்.

அந்த சிலிண்டரோட காயில் கனெக்டரையும் இன்ஜெக்டர் கனெக்டரையும் கழட்டி விட்டுட்டு மூணு சிலிண்டர்ல ஊருக்கு ஓட்டிப் போயிரலாம்னு ஒரு யோசனை வந்துது. பெட்ரோல் போகலைன்னா கன்வர்ட்டர் பொசுங்காதுல்லா. ஆனா எரியாத காத்து போய்க்கிட்டே இருக்கும், கன்வர்ட்டருக்கு முன்னால உள்ள ஆக்சிஜன் சென்சார் அதைப் பாத்துட்டு பெட்ரோல் பத்தலைன்னு நெனச்சு மத்த மூணுக்கும் கூட ஊத்தச் சொல்லும். அது வேற எளவு. பேசாம மச்சினனை வண்ணார்பேட்டைக்கு அனுப்பி காயில் ஒண்ணு வாங்கியாரச் சொன்னேன், 1650 ரூவா. மாட்டுனதும் வண்டி பூ மாதிரி ஓடுது. குழில நின்ன ஆயிலைக் கம்புல துணி சுத்தித் தொடச்சுட்டு, பழைய பிளக்கையே விட்டுட்டு, மூடிட்டு ஊருக்கு வந்துட்டேன். சித்தப்பாட்ட, "பெட்ரோலும் இல்ல வெள்ளமும் இல்ல, காயில்"னு பெருமையா போன்ல சொன்னேன்.

சரியா பத்தொம்பது நாளு. கங்கைகொண்டான் பக்கம் நாலுவழிச் சாலைல ஏசி போட்டு அஞ்சாவது கியர்ல ஒரு மேடு ஏறுது, டக்குனு ஒரு வெட்டு. சவம், மறுபடி மினுக்குது. இந்தத் தடவ ஓரங்கட்டிட்டேன். ஸ்கேனர் இப்ப டேஷ்போர்டுக்குள்ளயே கெடக்கு, சொருகுனா பி0303. ஃப்ரீஸ் ஃப்ரேம் முழுசா இருந்துது: 2400 ஆர்பிஎம், லோடு 84 சதவீதம், கூலன்ட் 91 டிகிரி. அதாவது இஞ்சின் சூடாகி, பாரம் ஏறும்போதுதான் தப்புது, வண்டி நிக்கையில சும்மா ஓடுத ஐட்லிங்ல தப்புத மாதிரி எனக்குத் தெரியல. புதுக் காயில் பத்தொம்பது நாள்ல போகுமா? கடைக்காரன் டூப்ளிகேட்டைக் கொடுத்துட்டானோன்னு அவனைத் திட்டிக்கிட்டே ஆக்சிலேட்டரை மயிலிறகு மாதிரி தொட்டு, நாப்பதுல தச்சநல்லூர் வரைக்கும் கொண்டாந்தேன். அங்கன ஒரு அண்ணாச்சி இருக்காவ. பழைய ஆளு, இப்ப ஒர்க்‌ஷாப் இல்ல, வீட்டு முன்னால வேப்பமரத்தடில தெரிஞ்ச வண்டியை மட்டும் பாப்பாவ.

அண்ணாச்சி ஸ்கேனரைக் கையால ஒதுக்கிட்டாவ. "அதை வச்சிக்கிடுங்க, மொதல்ல இஞ்சின் ஆறட்டும்"னுட்டு காப்பி குடிக்க உள்ள போயிட்டாவ. ஒண்ணரை மணி நேரம். வந்தாவ, ஸ்டார்ட் பண்ணச் சொன்னாவ, ஐட்லிங்ல காதை வச்சிக் கேட்டாவ, "ஒரு கால் குட்டையான கட்டில் மாதிரி லேசா ஆடுது, தெரியுதா?"ன்னாவ. எனக்குத் தெரியல. செம்புல தண்ணி எடுத்தாவ. நாலு சிலிண்டர் புகையும் வெளிய வார குழாய்க, அதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அது மேல தகடு ஒண்ணு மூடியிருக்கும்லா, அந்த இடுக்கு வழியா விரலால தண்ணியைச் சுண்டுதாவ, தோசைக்கல்லு காஞ்சிட்டான்னு பாக்க தெளிப்பாவளே அதே மாதிரி. ஒண்ணாவது குழாய்ல சொய்ங்னுது. ரெண்டாவதுல சொய்ங். நாலாவதுலயும் சொய்ங். மூணாவது குழாய்ல விழுந்த சொட்டு செகண்டு கணக்கா அப்படியே நின்னு, அப்புறம் பையத்தான் ஆவியாகுது. இஞ்சின் ஸ்டார்ட் ஆகி முக்கா நிமிஷம் இருக்கும். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிட்டு. அறுநூறு ரூவா ஸ்கேனர் சொன்னதை ஒரு செம்புத் தண்ணி சொல்லிட்டு. இஞ்சின் நல்லா சூடாயிட்டுன்னா இந்தச் சோதனை செல்லாது, எல்லாக் குழாயும் கொதிச்சிரும், அதுக்குத்தான் ஆற விட்டிருக்காவ. கையை நீட்டித் தொட்டுப் பாக்க மட்டும் வேண்டாம், தோல் ஒட்டிக்கிடும்.

காயிலை உருவுனாவ. புதுக் காயிலோட ரப்பர் பூட், பத்தொம்பது நாள்ல பழசு மாதிரியே ஊறிக் கெடக்கு.

"தம்பி, போன தடவையும் இதுல ஆயில் நின்னுதா?"

"நின்னுது அண்ணாச்சி. தொடச்சிட்டேன்."

"எங்கன இருந்து வந்துதுன்னு பாத்தீயளா?"

நான் பதில் சொல்லல. அவியளும் அதுக்கு மேல கேக்கல. காயிலை என் கையில கொடுத்துட்டு ஆயிலை உறிஞ்ச ஒரு சிரிஞ்சு வாங்கிட்டு வரச் சொன்னாவ. மெடிக்கல்ல பத்து எம்எல் சிரிஞ்சும் குளுக்கோஸ் ஏத்துத டியூப்பும் கேட்டா, கடைக்கார அக்கா, "வீட்டுல யாருக்கு என்ன செய்யுது?"ன்னு கவலையா கேக்காவ. வண்டிக்குன்னு சொன்னா நம்பல.

குழில நிக்குத ஆயிலை எடுக்காம பிளக்கைக் கழட்டுனா அவ்வளவும் சிலிண்டருக்குள்ள கொட்டிரும், கூட மண்ணும் போகும். டியூப்பை விட்டு உறிஞ்சுனோம், ரெண்டு சிரிஞ்சு வந்துது. அப்புறம் பிளக். அண்ணாச்சி பிளக்கோட வெள்ளைப் பீங்கானை வெயில்ல திருப்பித் திருப்பிக் காட்டுனாவ. மேல இருந்து கீழ வரைக்கும் பென்சில்ல கோடு போட்ட மாதிரி மெலிசா ஒரு கருப்புக் கோடு. காயில் அனுப்புத கரண்டு 20,000 வோல்ட்டுக்கு மேல, அது பிளக் நுனில உள்ள சந்தைத் தாண்டி பொறி அடிக்கணும். சிலிண்டருக்குள்ள அழுத்தம் கூடக்கூட அந்தச் சந்தைத் தாண்டுதது கஷ்டம், மேடு ஏறும்போதும் பஸ்ஸை முந்தும்போதும் அழுத்தம் கூடும். ரப்பர் ஆயில்ல ஊறி இத்துப் போயிருக்கா, கரண்டு நுனிக்குப் போகாம பீங்கானுக்கு வெளிப்பக்கமாவே இறங்கி இரும்புல போய்ச் சேந்துரும். வாய்க்கா உடப்பு இருந்தா தண்ணி வயலுக்கா போகும்? ஒரு தடவ அப்படி ஓடுன எடத்துல கரி படிஞ்சிரும், கரி கரண்டைக் கடத்தும், அப்புறம் அதே வழிலதான் ஓடும். நான் புதுக் காயிலைப் போட்டு அந்தக் கோடு விழுந்த பிளக்கையே விட்டிருக்கேன். கூட ஆயிலும் திரும்ப எறங்கியிருக்கு. கடைக்காரன் பாவம், அவனை வண்ணார்பேட்டை திசையா பாத்து மனசுக்குள்ள மன்னிப்பு கேட்டுக்கிட்டேன்.

பிளக் சந்து அளந்தோம். சந்து அளக்குத தகடு, அதான் ஃபீலர் கேஜ், அதுல 1.4 மில்லிமீட்டர் தாண்டிப் போகுது, இருக்க வேண்டியது 1.0, 1.1. தேஞ்சு அகலமாயிட்டு. சாதா நிக்கல் பிளக்கு முப்பது நாப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓட்டக்கூடாது, இது எப்ப மாத்துனதுன்னு எனக்கே ஞாபகம் இல்ல.

ஆயில் வந்த வழி டேப்பெட் கவர். இஞ்சின் தலை மேல ஒரு மூடி, அதுக்கு அடில ரப்பர் பேக்கிங், நாலு பிளக் குழியைச் சுத்தியும் நாலு வட்டச் சீல். வால்வைத் தெறக்குத கேம் ஷாஃப்ட்டுல தெறிக்குத ஆயில் குழிக்குள்ள வராம தடுக்கது அந்தச் சீல்தான். எட்டு வருசச் சூட்டுல அது வத்தலாயிரும். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு கார் ஷெட்லயே வேலையை வச்சிக்கிட்டோம், அண்ணாச்சி ஸ்டூல் போட்டு உக்காந்து சொல்லுதாவ, நானும் மச்சினனும் செய்யுதோம். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழட்டி, காயில் நாலும் எடுத்து எதுக்கு எதுன்னு டேப் ஒட்டி நம்பர் போட்டு, வயர் கிளிப்பெல்லாம் பைய நெம்பி (ரெண்டு ஒடஞ்சுது, பழைய பிளாஸ்டிக்), பத்தாம் நம்பர் போல்ட்டு எல்லாம் எடுத்து, கவரை ரப்பர் சுத்தியால ஒரு தட்டு. பேக்கிங்கை இழுத்தா அப்பளம் மாதிரி படக் படக்குனு ஒடியுது. மூணாவது சீலைக் கையில எடுத்தேன், ஓரத்துல நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. அவ்வளவுதான். இந்த நகம் அளவு வெடிப்புக்குத்தான் காயில், பிளக்கு, ரெண்டு தடவ ரோட்டுல நின்னது, நூறு ரூவா டெர்மினல் வைத்தியம் எல்லாம்.

நான் புதுப் பேக்கிங்கை எடுத்தேன். அண்ணாச்சி விடல. "சீல் வத்திட்டு சரி, ஆனா ஆயிலைப் பின்னால இருந்து தள்ளுனது யாரு?"ன்னாவ. பிசிவி வால்வைக் கழட்டி ஆட்டச் சொன்னாவ. நல்ல வால்வுன்னா உள்ள உள்ள குண்டு கடகடன்னு சத்தம் கேக்கணும். இது ஊமையா இருக்கு, கருப்புப் பசை அடைச்சு ஒட்டிக்கெடக்கு. பிஸ்டன் ஓரம் வழியா கொஞ்சம் வாயு எப்பவும் கீழ ஆயில் இருக்க எடத்துக்கு எறங்கும், அதை உறிஞ்சி மறுபடி இஞ்சினுக்கே கொடுக்கதுதான் இந்த வால்வு வேலை. அது அடைச்சா வாயு போக வழி இல்லாம உள்ளுக்குள்ள அழுத்தம் ஏறி, எந்தச் சீல் நோஞ்சானோ அது வழியா ஆயிலைத் தள்ளும். புதுச் சீல் மட்டும் போட்டு மூடியிருந்தா அடுத்த வருசம் இதே கூத்துதான். வால்வு 340 ரூவா. கிளீனர் அடிச்சு பழசையே ஓட்டலாம், சத்தம் வரத்தான் செஞ்சுது, ஆனா 340 ரூவாய்க்கு இனிமே கஞ்சத்தனம் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

கவரைத் திரும்ப மாட்டுதப்ப கவனிக்க வேண்டியது கொஞ்சம் உண்டு. பேக்கிங் உக்காருத எடத்தைத் துணியால துப்புரவா தொடைக்கணும், இரும்புத் தகடு வச்சுச் சொரண்டக்கூடாது, அலுமினியத்துல கீறல் விழுந்தா அதுவே ஒழுகும். டைமிங் கவரும் ஹெட்டும் சேருத ரெண்டு மூலைல மட்டும் சிலிக்கான் பேஸ்ட் ஒரு பொட்டு, பேக்கிங் முழுக்கப் பூசுனா மிச்சம் உள்ள விழுந்து ஆயில் வழியை அடைக்கும். போல்ட்டை நடுவுல இருந்து ஆரம்பிச்சு மாத்தி மாத்தி ரெண்டு தடவையா முறுக்கணும். மச்சினனுக்குக் கை வலு ஜாஸ்தி, அண்ணாச்சி ஸ்டூல்ல இருந்தே, "ஏ மாப்ள, அது கிணத்துக் கயிறு இல்ல, விடு விடு"ன்னு சத்தம் போட்டாவ. பத்து நியூட்டன் மீட்டர் கூட வேண்டாம் அந்தப் போல்ட்டுக்கு, மரை உரிஞ்சா பெரிய வேலையாயிரும்.

பிளக்கும் அப்படித்தான். இஞ்சின் ஆறுன பெறகு, சாக்கெட்டை மட்டும் கையில புடிச்சு விரலாலயே திருகணும், தட்டுத்தடுமாறுனா மரை மாறி ஏறுதுன்னு அர்த்தம், கழட்டி மறுபடி வைக்கணும். கையால முட்டுன பெறகு புது பிளக்குன்னா ராட்செட்ல அரை சுத்து, இன்னும் ஒரு துளி, போதும், வாஷர் நசுங்கி உக்காந்துக்கிடும். நாலு பிளக்கும் புதுசு. பத்தொம்பது நாள் காயிலோட ரப்பர் பூட் மட்டும் தனியா கெடச்சுது, 180 ரூவா, காயில் தப்பிச்சுது. பூட் வாய்க்குள்ள கரண்டு கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெலிசா ஒரு தடவு.

சிலிக்கான் காயதுக்கு ரெண்டு மணி நேரம் விட்டோம். வீட்டுல சொதி வச்சிருந்தாவ, அண்ணாச்சி ரெண்டு தடவ ஊத்திச் சாப்பிட்டுட்டு இஞ்சிப் பச்சடியையும் ஒரு கை பாத்தாவ. அப்புறம் ஸ்டார்ட். மொத அஞ்சு செகண்டு ஒரு புகை வந்துது, குழில மிச்சம் இருந்து எறங்குன ஆயில், வயித்துல புளியைக் கரைச்சிட்டு. அப்புறம் நின்னுட்டு. ஐட்லிங்ல டேஷ்போர்டுல ஒரு ரூவா நாணயத்தை நிமித்தி வச்சாவ அண்ணாச்சி. நின்னுது. இப்பத்தான் எனக்கு அந்தக் கட்டில் ஆட்டம்னா என்னன்னு வெளங்குது, அது இல்லாதப்ப.

கோடை அழிச்சது ஸ்கேனர்ல, பேட்டரில இல்ல. அழிக்க முன்னாலயே எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சிட்டேன்.

கன்வர்ட்டர் பொழச்சுதாங்கதுதான் மிச்ச பயம், வீரவநல்லூர்ல இருந்து அம்பை வரைக்கும் மினுக்க மினுக்க ஓட்டுன பாவம் இருக்குல்லா. அதுக்கு ஒரு வழி, கன்வர்ட்டருக்கு முன்னால ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால ஒண்ணு, ரெண்டையும் ஆப்ல கிராஃப் போட்டுப் பாக்கணும். இஞ்சின் சூடானதும் முன்னால உள்ளது மேல கீழ மேல கீழன்னு ஓடும். பின்னால உள்ளது அசையாம ஒரு மட்டத்துல நிக்கணும். பின்னாலயும் முன்னால மாதிரியே ஆடுனா கன்வர்ட்டர் செத்துட்டு, கொஞ்ச நாள்ல பி0420 வரும். நமக்குப் பின்னால 0.65 வோல்ட் பக்கம் சுமாரா நேர்கோடா நிக்குது, நடுவுல ஒரு சின்ன நெளிவு. முன்ன எப்படி இருந்துதுன்னு பாத்து வச்சிருந்தா ஒப்பிடலாம், யாரு பாத்தா.

மொத்தம் ஆன துட்டு: காயில் 1650, ரப்பர் பூட் 180, பிளக் நாலு 640, பேக்கிங்கும் சீலும் 780, பிசிவி 340, பேஸ்ட், கிளீனர், சிரிஞ்செல்லாம் சேத்து ஒரு 400. அண்ணாச்சி துட்டு வாங்க மாட்டேன்னுட்டாவ, கட்டாயப்படுத்தி சட்டைப்பைல வச்சோம். கல்லிடைக்குறிச்சி நூறு ரூவாயைக் கணக்குல சேக்கல.

இப்ப 2100 கிலோமீட்டர் ஓடியிருக்கு. போன சனிக்கெழமை பாபநாசம் போயிட்டு வாரப்ப வேணும்னே அதே எடத்துல, அதே மூணாவது கியர்ல, ஒரு லாரியை முந்திப் பாத்தேன். அம்மா மீட்டரையேதான் பாத்துக்கிட்டு இருந்தாவ, ரோட்டைப் பாக்கல. வெளக்கு எரியல. வீட்டுக்கு வந்து இஞ்சின் ஆறுன பெறகு நாலு காயிலையும் உருவி, அகப்பைக் காம்புல வெள்ளத் துணி சுத்தி ஒவ்வொரு குழியா விட்டுத் தொடச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு காஞ்சு வந்துது. நாலாவதுல துணி ஓரம் ஒரு கடுகு அளவுக்கு மஞ்சளா இருந்துது, பழைய கறைதான்னு அண்ணாச்சி போன்ல சொல்லுதாவ. அடுத்த மாசம் மறுபடி துணி விட்டுப் பாக்கணும்.